ஈரலில் ஏறிய உலோகம்

"ஈரல் வாங்கிக் கொடுங்கள்" என்பது எங்கள் மலைநாட்டிலே வைத்தியன் வாக்குக்கு அடுத்த வாக்கு. கொழுந்து கொய்யும் பெண்ணுக்குத் தலைசுற்றல் வந்தாலும், பிள்ளை பெற்றவளின் உடல் வெளுத்தாலும், படிக்கிற பிள்ளை வகுப்பிலே உறங்கி விழுந்தாலும் லயத்து மூதாட்டியர் சொல்லும் மருந்து ஒன்றே. ஆட்டீரலை மிளகு சேர்த்து வதக்கிக் கொடுப்பார்கள். இரத்தம் ஊற வேண்டுமென்று சுவரொட்டியைச் சுட்டுக் கொடுப்பார்கள். தீபாவளிக்கும், முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கிடாய் வெட்டும் நாளுக்கும் பங்கு பிரிக்கும்பொழுது, தன் வீட்டிலே கர்ப்பவதி இருக்கிறாள் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும். ஈரலில் ஒரு துண்டு அவன் பங்கிலே தானாக வந்து விழும். ஏழைகள் தமக்குள்ளே வகுத்துக்கொண்ட இந்த நீதியை நான் பெரிதும் மதிப்பவன்.

உள்ளுறுப்புகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களும் அழகியவை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் மூன்றும் ஏட்டைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல. கையாலே தொட்டுப் பார்த்தவன் வைத்த பெயர்கள். சிறுநீரகம் என்று இன்று நாம் பாடநூலில் எழுதுவதைக் கறிக்கடையிலே குண்டிக்காய் என்பர். நகரத்தார் கேட்டால் நகைப்பர். சொல்லோ பழையது, பிழையற்றது. இக்கட்டுரையில் இரண்டையும் வழங்குவேன்.

இத்துணை நல்ல ஈரலைப் பற்றி இன்று ஒரு குறை சொல்ல வந்திருக்கிறேன். குறை ஈரலினுடையது அன்று; அதனுள்ளே நாம் புகவிட்ட பொருளினுடையது. பார உலோகங்கள் என்று இக்காலத்தார் கூறும் காரீயம், காட்மியம், பாதரசம் முதலியவையும் அவற்றோடு வைத்து எண்ணப்படும் ஆர்சனிக்கும், நாம் வளர்க்கும் ஆடு மாடு கோழிகளின் உடலிலே சேர்கின்றன. காரீயமும் காட்மியமும் தசையிலே சிறிதாகவும் ஈரலிலும் குண்டிக்காயிலும் பெரிதாகவும் சேர்கின்றன. இரசாயனம் என் துறையன்று. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். என்னிடம் தமிழ் படித்துப் பின்னர் விவசாயம் படிக்கப் போன மாணவன் ஒருவன், விடுமுறைக்கு வரும்பொழுதெல்லாம் கொண்டுவந்து தந்த ஆய்வேடுகளே இதனைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தன. புரியாத இடங்களை அவனே எனக்கு விளக்கினான். ஆசிரியன் மாணாக்கனாகும் இன்பம் ஆசிரியத் தொழிலில் கடைசியாகக் கிடைப்பது.

நம் முன்னோர் ஐம்பொன் என்று பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என ஐந்தை எண்ணினர். பாதரசத்தையும் பாடாணங்களையும் சித்தர்கள் நன்கு அறிந்திருந்தனர். நஞ்சு என்றும் அறிந்திருந்தனர். ஆதலினாலேயே சுத்தி செய்யாமல் தொடலாகாது என்றனர். ஈயம் என்னும் ஒரே சொல்லுக்குள் காரீயத்தையும் வெள்ளீயத்தையும் அடக்கியது மட்டும் நம் மொழி செய்த ஒரு சிக்கனம். செம்புப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயமும், துப்பாக்கிக்குக் குண்டாகும் காரீயமும் ஒரே பெயரால் வழங்கினமையால், பூச வந்தவன் எதைப் பூசினான் என்பதை அடுக்களையில் உள்ளவள் அறியாள். காட்மியத்துக்கோ தமிழில் பெயரே இல்லை. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே ஸ்ட்ரோமேயர் என்னும் இரசாயன அறிஞர் துத்தநாகச் சேர்மம் ஒன்றிலே கண்டெடுக்கும்வரை அதனைத் தனி உலோகமாக உலகில் எவரும் அறிந்திலர். துத்தநாகம் போகுமிடமெல்லாம் நிழல்போலக் கூடவே செல்வது அது.

உடலுக்குள் வந்த நஞ்சைப் பிடித்துக் கட்டிவைக்கும் பொறுப்பு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. 1957-ஆம் ஆண்டில் மார்கோஷஸ், வல்லி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவிலே குதிரையின் சிறுநீரகத்திலிருந்து காட்மியம் செறிந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மெற்றலோதயோனின் என்பது அதற்குப் பின்னர் இட்ட பெயர். காட்மியம் உள்ளே வந்ததும் ஈரல் இப்புரதத்தை மேன்மேலும் ஆக்கி அவ்வுலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. பின்பு அது சிறுகச் சிறுக இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைகிறது. சிறுநீரகமோ அதனை வெளியே விடாமல் மீண்டும் உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. திருடனைப் பிடித்த காவற்காரன் அவனைத் தன் வீட்டுத் தூணிலேயே கட்டிவைத்துச் சோறும் போட்டது போன்றது இது. மனிதச் சிறுநீரகத்திற் புகுந்த காட்மியத்திற் பாதி வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வேண்டும் என்று கணித்திருக்கின்றனர். மாட்டுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆகவே அதன் உடலிலே அது ஆண்டுதோறும் ஏறுமேயன்றி இறங்குவது அரிது.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டில் விதித்த எல்லைகளைப் பாருங்கள். மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றின் இறைச்சியிலே ஒரு கிலோகிராமுக்கு 0.05 மில்லிகிராம் காட்மியத்துக்கு மேல் இருத்தல் கூடாது, ஈரலிலே 0.5 மில்லிகிராம், குண்டிக்காயிலே 1 மில்லிகிராம். தசையிலும் பத்து மடங்கு ஈரலுக்கும், இருபது மடங்கு குண்டிக்காய்க்கும் இடங்கொடுத்திருக்கிறார்கள். கருணையினால் அன்று, இயற்கையாகவே அங்கே அவ்வளவு சேரும் என்பதனால். இன்னொன்று: கிருமியைக் கொல்லும் நெருப்பு உலோகத்தை ஒன்றும் செய்யாது. வேகவைத்தாலும், பொரித்தாலும், மஞ்சளிட்டு மும்முறை கழுவினாலும் காட்மியம் காட்மியமாகவே இருக்கும்.

இனி அது எங்கள் மலைக்கு வந்த வழியைச் சொல்லுகிறேன். மண்ணுக்கு இடும் பொசுபேற்றுப் பசளை பாறையிலிருந்து வருவது. அப்பாறையில் இருவகை உண்டு. பழங்கடலின் அடியிலே படிந்து இறுகியது ஒன்று. பூமியின் உள்ளேயிருந்து உருகி எழுந்து ஆறியது மற்றொன்று. முன்னதிலே காட்மியம் பெரும்பாலும் மிகுதி, பின்னதிலே குறைவு. 1971-ஆம் ஆண்டில் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே கண்டுபிடிக்கப்பட்ட நம் நாட்டுப் பொசுபேற்று பின்னவகையைச் சேர்ந்தது. எளிதிற் கரையாத அப்பாறைத் தூள், தேயிலை வளரும் புளித்த மண்ணிலே மெல்லக் கரைந்து பயன்படுகின்றமையால், தோட்டங்களில் அதனையே இடுகின்றனர். ஆகவே இவ்விடயத்திலே தேயிலையின்மேல் பெரும்பழி சுமத்த வேண்டியதில்லை. அதன் நிழலிலே பிறந்து வளர்ந்த எனக்கு இஃது ஓர் ஆறுதல்.

பழி பெரிதும் போய்ச் சேருவது பக்கத்துச் சரிவிலே. நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கங்களிலே தேயிலை முடியும் வரம்பில் மரக்கறித் தோட்டம் தொடங்கும். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா, பீற்றூட் என்று ஓர் ஆண்டிலே இரண்டு மூன்று போகம். ஒவ்வொரு போகத்துக்கும் பசளை. அங்கே இடுவது எப்பாவலைத் தூள் அன்று, கடைகளில் ரி.எஸ்.பி. என்று விற்கும், கடல் கடந்து வந்த, விரைவில் கரையும் பொசுபேற்று. அதன் மேல் கீழ்நாட்டுக் கோழிப் பண்ணைகளிலிருந்து லொறியில் வரும் கோழி எரு. மலைநாட்டு மரக்கறி மண்ணிலே காட்மியம் சேர்ந்து வருவதை மண்ணியல் ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டியிருக்கின்றனர். எங்கள் மண் இயல்பாகவே புளிப்புடையது. புளித்த மண்ணிலே காட்மியம் எளிதிற் கரைந்து வேருக்குள் ஏறும். இலைக்கறிகளிலே மற்றவற்றினும் மிகுதியாகச் சேரும்.

சந்தைக்குப் போகும் கோவாவின் வெளியிலைகளை உரித்து வரம்பிலே எறிவார்கள். கரட்டின் தழையும் பீற்றூட்டின் இலையும் அவ்வாறே. மாலையிலே வேலை முடிந்து வரும் தொழிலாளி அவற்றைச் சாக்கிலே கட்டித் தலையிலே சுமந்து வந்து தன் பசுவுக்குப் போடுகிறான். புல்லறுக்க நேரமில்லாத நாளில் அதுவே அதற்கு முழு உணவு. கறவை வற்றும்வரை அந்தப் பசு அவன் குடும்பத்தைத் தாங்கும். வற்றிய பின்னர், எட்டோ பத்தோ ஆண்டு வாழ்ந்த அந்தக் கிழப்பசு கறிக்கடைக்குப் போகும். பாலிலே காட்மியம் இறங்குவது மிகச் சொற்பம் என்பது நம் நல்லூழ். பால் குடித்த பிள்ளை தப்பியது. ஆனால் பத்தாண்டுக் காட்மியத்தைச் சுமந்த குண்டிக்காய், எங்கோ ஒரு பட்டணத்தில் எவர் வீட்டுச் சட்டியிலோ வேகும்.

மலையிலே இட்டது மலையிலேயே நிற்பதும் இல்லை. ஹட்டன் மேட்டிலே பெய்யும் மழை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கத்து நீர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் வழியே களனி கங்கையாகும். மறுபக்கத்து நீர் மகாவலியாகும். தலவாக்கலை வழியே இறங்கும் கொத்மலை ஓயாவும் மகாவலியையே சேரும். பொல்கொல்லையிலே 1976-ஆம் ஆண்டு கட்டிமுடித்த அணையிலிருந்து அந்நீரின் ஒரு பகுதி வடமத்திய மாகாணத்து வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. 1990-ஆம் ஆண்டுகள் முதல் மதவாச்சி, பதவியா முதலிய அம்மாகாணத்து ஊர்களிலே, நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத உழவர்கள் சிறுநீரகம் கெட்டு மடிந்து வருவதை வாசகர் அறிவர். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பண்டாரவும் அவரைச் சேர்ந்தோரும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, அப்பிரதேசத்து அரிசியிலும் குளத்து மீனிலும் காட்மியம் மிகுந்திருப்பதாகவும் அதுவே இந்நோய்க்குக் காரணமாகலாம் என்றும் எழுதினர். மேல் மகாவலிச் சரிவுகளிலே அளவுக்கு மீறி இடும் பொசுபேற்றுப் பசளை, மண்ணரிப்போடு கீழே போய்ச் சேருகிறது என்று பின்னர் வாதித்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வும் நோயாளரின் சிறுநீரிலே காட்மியம் மற்றவரினும் கூடியிருக்கக் கண்டது. ஆயின் குடிநீரை அளந்து பார்த்த வேறு ஆராய்ச்சியாளர்கள், அதிலே காட்மியம் அவ்வளவாக இல்லை என்றனர். புளோரைட்டு என்பாரும், கிருமிநாசினி என்பாரும், வெயிலும் நீர் குறைந்த உழைப்பும் என்பாரும் உளர். வழக்கு முடியவில்லை. தீர்ப்பு வருமுன் எவரையும் தூக்கிலிட நான் ஒருப்படேன். ஆயினும் மேலே இருப்பவன் இட்டது கீழே இருப்பவன் கலத்துக்கு வரும் என்னும் எண்ணம் வெறும் கற்பனை அன்று என்பதற்கு யப்பான் சான்று.

அங்கே தொயாமா என்னும் மாகாணத்திலே ஜின்சு ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேலே மலையிலே கமியோக்கா என்னும் துத்தநாகச் சுரங்கம், கீழே நெல்வயல். சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றோடு வந்து அரிசியிலே ஏறியது. பல பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்களுக்கே அந்நோய் பெரும்பாலும் வந்தது. சிறுநீரகம் கெட்டது, எலும்பு சுண்ணாம்பை இழந்தது, இருமினாலும் விலா எலும்பு முறியும் நிலை வந்தது. அவர்கள் ஓயாமல் அரற்றிய சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. "இத்தாய் இத்தாய்" என்றால் "வலிக்கிறது வலிக்கிறது" என்று பொருள். நோய்களுக்கு இட்ட பெயர்களிலே இவ்வளவு உண்மையான பெயர் வேறொன்றை நான் கேட்டதில்லை. 1968-ஆம் ஆண்டில் யப்பானிய அரசு அதனைச் சூழல் மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 1971-இல் நீதிமன்றம் உழவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இறைச்சி விற்றுப் பிழைக்கும் நாடுகள் இதனை எப்படிக் கையாளுகின்றன என்று பார்ப்பது பயன் தரும். நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் நவூரு முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவந்த பொசுபேற்றைப் பல பத்தாண்டுகள் மேய்ச்சல் நிலத்திலே கொட்டின. அதிலே காட்மியம் மிகுதி. புல்லிலே ஏறிக் குண்டிக்காயிலே வந்து நின்றது. நியூசிலாந்திலே முப்பது மாதம் கடந்த விலங்கின் குண்டிக்காயை மனிதர் உணவுக்கு விடாமல் கழித்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. கவனியுங்கள், இறைச்சியை அவர்கள் எறியவில்லை, இளங்கன்றின் ஈரலையும் எறியவில்லை. வயதைப் பார்த்தார்கள். அவ்வளவே. எங்கள் தோட்டத்துத் திருவிழாக் கிடாய் பெரும்பாலும் ஓராண்டு ஈராண்டுக் குட்டி. அதன் ஈரலைப் பற்றி அஞ்ச வேண்டுவது குறைவு. அஞ்ச வேண்டியது கிழப்பசுவையும் கிழட்டாட்டையும் பற்றியே.

கோழியிலே வந்த கதை வேறு. அமெரிக்காவிலே கோழி கொழுக்கவும் குடற்கிருமி ஒழியவும் ரொக்சார்சோன் என்னும் ஆர்சனிக்குச் சேர்ந்த மருந்தைத் தீனியிலே பல பத்தாண்டுகள் கலந்தனர். உணவின் வழியே ஆர்சனிக்கை வேண்டுமென்றே கொடுத்தார்கள் என்றால் எளிதில் நம்ப முடியாது. 2011-ஆம் ஆண்டில் அத்தகைய கோழிகளின் ஈரலிலே நஞ்சு வடிவான ஆர்சனிக்கு இருப்பது அரசாங்கச் சோதனையிலே தெரிந்ததும் விற்பனை நின்றது.

காரீயத்தின் நடை இவற்றுக்கெல்லாம் மாறானது. காட்மியம் ஆண்டுக்கணக்கிலே மெல்ல ஏறுவது. காரீயம் ஒரு மாட்டை ஒரு வாரத்திலே கொல்ல வல்லது. சில ஆண்டுகளுக்கு முன் எனது பாடசாலைக்கு அண்மையில் உள்ள தோட்டமொன்றிலே ஒரு கைம்பெண்ணின் பசு, பிரீசியன் கலப்பு, திடீரென்று தொழுவத்துச் சுவரிலே தலையை வைத்து முட்டிக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. "மாட்டுக்குப் பேய்க்கோளாறுங்க, ஐயா" என்று வந்து சொன்னார்கள். பூசாரி திருநீறு போட்டார். மிருக வைத்தியருக்கு ஆள் போயிற்று. அவருக்கு முன்னே பட்டணத்துக் கறிக்கடைக்காரர் வந்துவிட்டார்.

"செத்தா மண்ணுக்கு, அறுத்தா மனுசனுக்கு. ஏன் அம்மா யோசிக்கிறீங்க?" என்றார் அவர். பாதி விலை பேசினார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க படிச்சவங்க. வித்தா ரெண்டு மாசத்துக்கு அடுப்பெரியும். மாட்டுக் கடனும் கொஞ்சம் தீரும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் வைத்தியர் வந்து சேர்ந்தார். கண்ணையும் வாயையும் பார்த்தார். தொழுவத்தைச் சுற்றி வந்தார். பின்புறத்துப் புற்குவியலுக்கடியிலே உடைந்த மோட்டார்வண்டிப் பற்றறி ஒன்று கிடந்தது. லயத்துக்கு மின்சாரம் வராத காலத்திலே தொலைக்காட்சி பார்ப்பதற்காக வாங்கியது அது. காரீய உப்புகள் இனிப்புடையன. மாடு விரும்பி நக்கும். "இதுவாகத்தான் இருக்கும், அம்மா. பிழைக்காது. அறுத்து விற்கவும் கூடாது, ஈரலெல்லாம் ஈயம் ஏறியிருக்கும்" என்றார்.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் மகளும் முழுகாம இருக்கா. இந்த ஈரலை எந்த ஊர்க் கடையில எந்தப் புள்ளத்தாய்ச்சிக்கு வாங்குவாங்களோ" என்று சொல்லிக் கறிக்கடைக்காரரை அனுப்பிவிட்டாள். அன்றிரவு பசு இறந்தது. மறுநாள் வைத்தியர் வயிற்றைத் திறந்தபொழுது, இரைப்பையின் அறையிலே சாம்பல் நிறத் தகட்டுத் துண்டுகள் கிடந்ததைக் கண்ணாரக் கண்டேன். ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாடு போயிற்று, கடன் இருந்தது. நட்டஈடு கேட்டு அவளுக்காக நான் எழுதிய மனுவுக்கு மறுமொழியே வரவில்லை. நோயுற்ற விலங்கை விற்காதே என்று ஏழைக்குக் கட்டளையிடும் அதிகாரம், விற்காதவளின் அடுப்பைப் பற்றியும் நினைத்துப் பார்க்க வேண்டாவா? கர்ப்பவதியின் உடலிலே புகும் காரீயம் கருவிலுள்ள பிள்ளைக்கும் போகும். அவள் அன்று காத்தது யாருடைய பிள்ளையை என்பது அவளுக்கே தெரியாது.

காரீயத்துக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு நெடியது என்பது பலருக்குத் தெரியாது. முற்காலத்திலே கப்பலேறிய தேயிலைப் பெட்டியின் உட்புறத்துக்கு ஈரம் புகாதிருக்க ஈயத் தகடே இட்டனர். அலுமினியத் தகடு பிற்காலத்தது. வீதியோரத்துக் காரீயம் வேறு. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியே நுவரெலியாவுக்கு ஏறும் பெருவீதியின் ஓரப் புல்லைத்தான் மாடு வைத்திருப்போர் பலர் அறுத்துச் செல்கின்றனர். காரீயம் கலந்த பெற்றோல் இந்நாட்டிலே 2002-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையிலிருந்து படிந்த காரீயம் மண்ணைவிட்டு எளிதிலே போவதில்லை. வேர் அதனை அதிகம் உறிஞ்சாது என்பது உண்மை. ஆயினும் புல்லோடு ஒட்டிய மண்ணை மாடு உண்ணுகிறதே.

செம்பைப் பற்றியும் ஒரு சொல். 1946-ஆம் ஆண்டில் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையிலே தோன்றியது முதல் செம்புச் சேர்க்கைகளைத் தெளித்து வருகின்றனர். செம்பு உடலுக்கு வேண்டியதே. மிஞ்சினால் செம்மறியாட்டின் ஈரல் அதனைத் தாங்காது. மஞ்சட்காமாலை கண்டு சாகும். எங்கள் பக்கத்திலே வளர்ப்பது வெள்ளாடு. அது செம்பைப் பெரிதும் தாங்கும். தெளித்த மலையின் வரம்புப் புல்லை இரண்டொரு மழை பெய்யும்வரை அறுக்காதிருப்பது நல்லது என்பதோடு இதனை விடுகிறேன்.

இனிக் கர்ப்பவதிக்கு வருவோம். அதற்காகவே இவ்வளவும் எழுதினேன். ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-ஆம் ஆண்டில் வகுத்தபடி, அவள் உடல் ஒரு மாதத்துக்குத் தாங்கக்கூடிய காட்மியம் 1250 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2009-இல் சொன்னபடியோ வாரத்துக்கு 125 மைக்ரோகிராம் மட்டுமே. மேலே சொன்ன எல்லையைத் தொட்டு நிற்கும் குண்டிக்காயிலே 100 கிராம் உண்டால் 100 மைக்ரோகிராம் போய்விடும். முதற்குழுவின் கணக்கிலே அது மாதத்துக்குரியதிற் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாவது சபையின் கணக்கிலே ஏறக்குறைய ஒரு வாரத்துக்குரியது முழுவதும். அறிஞரிடையே இவ்வளவு வேற்றுமை இருக்கையிலே, ஒரு நாள் உண்டவள் பதறவும் வேண்டாம். நாள்தோறும் உண்பவள் அயர்ந்திருக்கவும் வேண்டாம்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. உணவிலுள்ள காட்மியம் முழுவதும் குடலிலே ஏறுவதில்லை. நூற்றுக்கு ஐந்துக்கு உட்பட்ட அளவே ஏறும். ஆனால் இரும்புச் சத்துக் குறைந்த உடலிலே அது இருமடங்குக்கு மேலும் ஏறலாம். இரும்பைத் தேடி விரிந்த வாயில் வழியே காட்மியமும் புகுந்துவிடுகிறது. இரத்தம் குறைந்தவளுக்கே ஈரல் கொடுக்கிறோம். அவளுக்கே காட்மியம் மிகுதியாக ஏறுகிறது. அதனால் ஈரலை விலக்குக என்று நான் சொல்லேன். இளங்கிடாயின் ஈரலிலே உள்ள இரும்பு, இரத்தம் குறைந்தவளுக்கு உண்மையாகவே மருந்து. கர்ப்ப காலத்திலே ஈரலை அடிக்கடி உண்டால் விற்றமின் ஏ மிஞ்சிக் கருவுக்குத் தீங்காகலாம் என்று மருத்துவர் எச்சரிப்பதனால், அக்காலத்திலே அவர்களைக் கேட்டே கொடுக்க வேண்டும். சிகிச்சை நிலையத்திலே தரும் இரும்பு மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று கூரையிடுக்கிலே செருகி வைக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். அந்த மாத்திரை உடலிலே இரும்பை நிரப்பிக் காட்மியத்துக்கு வாயிலையும் ஒடுக்குகிறது. விலை மலிவென்று கிழமாட்டின் குண்டிக்காயை வாங்கிப் "பலத்துக்கு" என்று கொடுப்பதை மட்டும் நான் வேண்டாம் என்கிறேன்.

என்னைப் போன்ற சைவ உணவினர் இதைப் படித்துவிட்டு மகிழ வேண்டா. உலகத்தார் பெறும் காட்மியத்திலே பெரும்பங்கு சோற்றின் வழியும் கிழங்கின் வழியும் கீரையின் வழியும் வருவதே. புலான்மறுத்தலுக்கு வள்ளுவர் கூறிய காரணம் அருளே. அது தன்னளவிலே போதுமானது. காட்மியத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

கறிக்கடைக்கு வரும் பரிசோதகரின் கண், ஈரலிலே புழுவைக் காணும்; கட்டியைக் காணும்; உலோகத்தைக் காணாது. அதற்கு ஆய்வுகூடத்துக் கருவி வேண்டும். பேராதனையும் கன்னொறுவையும் எங்களுக்குத் தொலைவில் உள்ளன அல்ல. பருவத்துக்கு ஒருமுறை, மரக்கறித் தோட்டங்களை அடுத்து வளர்ந்த கிழமாடுகள் சிலவற்றின் குண்டிக்காயை அங்கே அனுப்பி அளந்து, கண்டதைத் தமிழிலும் சிங்களத்திலும் கடை வாயிலிலே எழுதி ஒட்டுவது பெரிய செலவாகாது. மண்ணுக்குச் சுண்ணாம்பும் டொலமைற்றும் இட்டுப் புளிப்பைக் குறைத்தால் காட்மியம் வேருக்குள் ஏறுவது குறையும். இதனை விவசாயிகள் அறியாதவர் அல்லர். ஆனால் விளைச்சலுக்காகவே அறிந்திருக்கிறார்கள்.

அந்தப் பசு இறந்த பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அவரவர் லயத்திலே எறிந்து கிடக்கும் பழைய பற்றறிகளைத் தேடிக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு வாரத்திலே டோர்ச் விளக்குப் பற்றறிகள் நூற்றுக்கு மேல் வந்தன; மோட்டார்வண்டிப் பற்றறி மூன்று. மூன்றையும் காயலான் கடைக்காரர் வாங்கிப் போனார். மற்றவற்றை அவர் தொடவில்லை. உள்ளூர்ச் சபையின் குப்பை வண்டிக்காரரோ, தனியாக வைக்க இடமில்லை என்று எல்லாவற்றோடும் சேர்த்தே ஏற்ற வந்தார். வண்டி கொட்டுமிடத்திலே மாடுகள் மேய்வதை நான் பார்த்திருப்பதனால் கொடுக்கவில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி இரண்டிலே அவை எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையிலே இருக்கின்றன. மூன்றாவது வாளி அரைவாசி நிரம்பிவிட்டது.